கிச்சடிப் பந்தியில் வந்து உட்கார்ந்த ஸ்கூட்டிக்காரப் பெண்

போன வருஷம் ஐப்பசி அடைமழை சமயம். குரோம்பேட்டையைத் தாண்டி அஸ்தினாபுரம் பக்கம், என் பேத்தி படிக்கிற ஆரம்பப் பள்ளியில் ஒரு காலை நேரத்தில் நடந்தது இது. பள்ளியின் பேரைச் சொல்லப் போவதில்லை, ஆட்களின் பேரையும் சொல்லப் போவதில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, மேல் போர்ஷனில் குடியிருக்கும் காலேஜ் பெண் எழுதுகிறாள். "ஆயா, மேட்டருக்கு வாங்க" என்று இப்போதே அவசரப்படுத்துகிறாள். வருகிறேன், வருகிறேன். அடுப்பில் வைத்தவுடனே பால் பொங்கிவிடுமா என்ன?

எங்கள் வீட்டில் மூன்றே பேர். நான், என் மகள், பேத்தி. மகளுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. பொழுது விடிவதற்குள் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். நான் பக்கத்து அபார்ட்மென்ட்டில் மாடிப்படி கழுவுகிறேன், இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறேன். இந்த ஓட்டத்தில் காலையில் அடுப்பு பற்ற வைக்கிறது எங்கே? முன்பெல்லாம் பேத்திக்கு டீயும் பன்னும்தான். பன்னை டீயில் முக்கி, பாதி டம்ளரிலேயே விழுந்து, அதை விரலால் தேடிக்கொண்டிருக்கும். பிரேயரில் நிற்கும்போது தலை சுற்றுகிறது என்று டீச்சர் உட்கார வைத்துவிடுவார்.

அப்புறம்தான் பள்ளியிலேயே காலைச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். மதியச் சாப்பாடு எந்தக் காலத்திலிருந்தோ உண்டு. காலையிலும் சுடச்சுட உப்புமா, பொங்கல், கிச்சடி, அதற்கு ஒரு சாம்பார் என்றால் எனக்கு நம்பவே முடியவில்லை. பேத்தி வீட்டுக்கு வந்ததும் முதல் பேச்சு அந்தச் சாம்பார்தான். பொங்கல் போட்ட நாளில் மிளகையெல்லாம் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, அத்தனை பேரில் யாருக்கு நிறைய மிளகு கிடைத்தது என்று பிள்ளைகள் போட்டி போடுமாம். மிளகு இருமலுக்கு நல்லதடி, முழுங்குடி என்றால் கேட்கிறதா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் ஓரம்தான். சரி, அது கிடக்கட்டும்.

பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்னால் பெரியவர்கள் ருசி பார்க்க வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம். ஹெச்.எம். டீச்சரும் பார்ப்பார், பெற்றோர் பக்கத்திலிருந்தும் ஒருவர் பார்க்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் வேலைக்கு ஓடுகிறவர்கள். பேத்தியைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் அந்த நேரத்துக்கு நான் அங்கே இருப்பேன். அதனால் பள்ளிக் கமிட்டியில் என்னையே போட்டுவிட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு உத்தியோகம், அதுவும் சாப்பிடுகிற உத்தியோகம்! ஒரு கரண்டி போட்டால் இன்னொரு கரண்டி கேட்பேன். சமைக்கிற பெண், என் மகள் வயதுதான் இருக்கும், கிண்டல் பண்ணுவாள்.

"ருசி பாக்கச் சொன்னா நீ பந்தியே போட்டுக்கினியே ஆயா!"

"ஒரு வாயில உப்பு தெரியும், அடுத்த வாயிலதான்டி காரம் தெரியும்" என்பேன் நான்.

எல்லோருக்கும் இது பிடித்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. நான் பாத்திரம் தேய்க்கிற வீட்டு மேடம் நல்லவர்தான், தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பவர்தான். ஆனால் இந்தப் பேச்சு வந்தால் மட்டும் முகம் மாறிவிடும். "எல்லாத்தையும் ஃப்ரீயா குடுத்து ஜனங்களைக் கெடுத்து வெச்சிருக்காங்க. நாங்க டாக்ஸ் கட்டறோம், இவங்க உப்புமா கிண்டறாங்க. பெத்த பிள்ளைக்குக் காலைல ஒரு தோசை சுட்டுக் குடுக்க முடியாதா?" என்பார்.

"மேடம், சார் ஆபீஸ்ல காபி, பிஸ்கட்டு, மதியானம் பிரியாணி எல்லாம் ஃப்ரீன்னு சொன்னீங்களே. சார் கெட்டா பூட்டாரு?" என்று கேட்டுவிட்டேன். வாய் இருக்கிறதே, அது என் பேச்சைக் கேட்காது. நல்லவேளை, மேடம் சிரித்துவிட்டார்.

தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாலும் இதே பேச்சு. "உனக்கு இன்னாக்கா, பேத்தியை கவர்மென்ட்டுக்கு தத்து குடுத்துட்ட" என்பாள் ஒருத்தி. அவள் பிள்ளையும் அதே பள்ளிதான், அதே சாம்பார்தான். ஆனாலும் சொல்லுவாள். ஓசிச் சோறு என்ற வார்த்தை மட்டும் அடுத்தவள் தட்டுக்குத்தான், தன் பிள்ளை தட்டுக்கு இல்லை. நான் இதையெல்லாம் காதில் வாங்குவதில்லை. சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். பிள்ளைகள் காதில் அது விழுந்தால் என்ன ஆகும் என்று அதுவரைக்கும் நான் யோசித்ததில்லை.

இப்போது மேட்டருக்கு வந்துவிட்டேன்.

அன்று கிச்சடி நாள். ராத்திரியெல்லாம் மழை. சமைக்கிற பெண் நனைந்துகொண்டு, தாமதமாகத்தான் வந்திருந்தாள். அவசர அவசரமாகத் தாளித்திருக்கிறாள். நான் வழக்கம்போல ருசி பார்த்தேன். உப்பு, காரம், எல்லாம் சரி. ஹெச்.எம். டீச்சரும் பார்த்தார். பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பரிமாற ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தன் மகனை விட வந்த ஒரு அம்மா, அவன் தட்டைப் பார்த்து அலறினாள்.

"ஐயோ, பல்லி! பல்லிடா! துன்னாதடா!"

தட்டைப் பிடுங்கி வீசினாள். கிச்சடி வராந்தா முழுக்கச் சிதறியது.

டீச்சர் உடனே பரிமாறுவதை நிறுத்தச் சொன்னார். ஏற்கெனவே போட்டதை யாரும் தொடக்கூடாது என்றார். கீழே சிதறியதில் தேடி, அந்தச் சாமானை எடுத்தார். பார்த்தால், காய்ந்த மிளகாய். நீட்டு மிளகாய், எண்ணெயில் கருகி, வளைந்து, காம்பு கிள்ளாமல் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நானே முதலில் பார்த்தபோது பல்லி என்றுதான் நினைத்தேன், பொய் சொல்வானேன். டீச்சர் அதோடு விடவில்லை. அண்டாவையும் கரண்டியால் அடிவரைக்கும் கிளறிப் பார்த்தார், நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. மிளகாயை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் கொண்டுபோய்க் காட்டினார்.

ஆனால் அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பையன் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான் போலிருக்கிறது. தெருமுனையிலிருந்தெல்லாம் அம்மாக்கள் மாவு கையோடு ஓடி வருகிறார்கள். அவரவர் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அலறினாளே, அந்த அம்மாவையும் குறை சொல்ல மாட்டேன். பெற்ற வயிறு, பயப்படத்தான் செய்யும்.

கூட்டத்தின் பேச்சுதான் பொறுக்கவில்லை.

"பல்லியத் தூக்கிப் போட்டுட்டு மொளகாயக் காட்டறாங்கப்பா."

"ஓசி சோறு தானே, இன்னாத்தப் போட்டா இன்னான்னு போடறது."

"துட்டு குடுத்து துன்னா கேள்வி கேக்கலாம். சும்மா துன்றவனுக்கு வாய் ஏது?"

டீச்சர் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார், பார்க்க ஆள் இல்லை. சமைக்கிற பெண் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "காம்பு கிள்ள நேரமில்லாம போட்டுட்டேன் ஆயா. மொளகா தான் ஆயா, எம்புள்ள மேல சத்தியமா" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். அவள் வேலை போய்விடுமோ என்று எனக்கும் பயம்தான்.

பாதி வரிசை காலியாகிவிட்டது. மீதிப் பிள்ளைகள் எந்தப் பிள்ளைகள் தெரியுமா? அம்மா விடிவதற்குள்ளேயே வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள். இழுத்துக்கொண்டு போக ஆளும் இல்லை, இழுத்துக்கொண்டு போனால் வீட்டில் அடுப்பும் எரியாது. அதுகள் கையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே ஆறிக்கொண்டிருக்கும் கிச்சடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. டீச்சர், "ஒண்ணும் இல்லம்மா, நான் பாத்துட்டேன், தைரியமா சாப்பிடுங்க" என்று சொன்னார். ஒன்றிரண்டு கை தட்டுக்குப் போயிற்று. அப்போது பார்த்து, கேட்டுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்த ஒருத்தன் சத்தமாகச் சொன்னான்.

"பாரு பாரு, வூட்ல சோறு இல்லாததுங்க மட்டும் இன்னும் குந்திகினு கீது."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

போன கைகள் அப்படியே நின்றுவிட்டன. என் பேத்தி தட்டை மெல்லத் தள்ளி வைத்தாள். பக்கத்துப் பிள்ளையும் தள்ளியது. அதைப் பார்த்து அடுத்தது. நான் கிட்டே போய், "சாப்பிடு கண்ணு, ஆயா ருசி பாத்தேன்ல" என்றேன்.

"எனக்குப் பசிக்கல ஆயா" என்றாள்.

முந்தின நாள் ராத்திரி கொஞ்சம் ரசம் சோறு தின்றதுதான். எழுந்ததிலிருந்து ஒரு வாய் டீகூட இல்லை. என் மேல் சாய்ந்து நடந்து வந்தவள், வழியெல்லாம் கிச்சடி கிச்சடி என்று பாடிக்கொண்டு வந்தவள், தலையைக் குனிந்துகொண்டு பசிக்கவில்லை என்கிறாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொய்யை யார் கற்றுக்கொடுத்தது? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

டாக்டர் என்னைத் தரையில் உட்காரவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். முட்டி தேய்ந்துவிட்டதாம். மருந்து கொடுத்தார், அது வேறு கதை. அன்று சுவரைப் பிடித்து, தூணைப் பிடித்து, முட்டி இரண்டும் கடக் கடக் என்று சத்தம் போட, பேத்தி பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்கு ஒரு தட்டு போடுடி" என்று சமைக்கிற பெண்ணைக் கூப்பிட்டேன். கூட்டத்தைப் பார்த்தபடியே தின்றேன்.

பிரயோஜனம் இல்லை. "அது கமிட்டி ஆளு, அது துன்னத்தான் செய்யும்" என்று ஒரு குரல். "கெழவிக்கு ஓசில கெடைச்சா மண்ணையும் துன்னும்" என்று இன்னொரு குரல். பேத்தி இன்னும் குனிந்துகொண்டது. நான் உட்கார்ந்து தின்றது அவளுக்கு வெட்கத்தைத்தான் கூட்டியது என்று புரிந்தபோது, எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் உள்ளே வந்தாள்.

யார் என்று யாருக்கும் தெரியாது. வாசலில் கூட்டத்தால் வழி அடைபட்டு, ஸ்கூட்டியோடு நின்றுகொண்டிருந்தவள். மழைக்கோட்டு, தலையில் ஹெல்மெட், கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்குகிறது. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, வராந்தாவுக்குக் கீழே செருப்பை விட்டுவிட்டு வந்தாள். டீச்சர் கையில் இருந்த தட்டைப் பார்த்தாள். மிளகாயை எடுத்துக் காம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள் பாருங்கள், அதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

"மேடம், வெளியாளு சாப்பிடலாமா? பிள்ளைங்களுக்குக் கொறஞ்சிடாதே?"

டீச்சர் சாப்பிடலாம் என்று தலையை ஆட்டினார். ஒரு காலித் தட்டை எடுத்துக் கொடுத்தார்.

அவள் மழைக்கோட்டைக் கழற்றித் தூணில் போட்டுவிட்டு, என் பேத்திக்கு அந்தப் பக்கம், காலியான இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நல்ல துணி, ஆபீஸ் துணி. தரை ஈரம், அதில் கிச்சடி வேறு சிதறிக் கிடந்தது. அதையெல்லாம் பார்க்கவில்லை. தட்டில் கிச்சடி விழுந்தது. ஆனால் அவள் உடனே சாப்பிடவில்லை. பேத்தி பக்கம் திரும்பி, ரகசியம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"பாப்பா, நான் இன்னிக்குத்தான் புதுசா வந்திருக்கேன். இதை எப்படிச் சாப்பிடணும்? சாம்பார் தொட்டுக்கவா, ஊத்திக்கவா?"

பேத்தி தலையை நிமிர்த்தினாள். அவளால் அடக்க முடியுமா? சாம்பார் விஷயமாயிற்றே.

"ஊத்திக்கணும் அக்கா. குழி வெட்டி ஊத்தணும். இல்லன்னா ஓடிப்போயிடும்."

"குழியா? எப்படி, எனக்குத் தெரியாதே."

"இப்படித்தான்." தள்ளி வைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். கிச்சடியில் விரலால் குழி வெட்டினாள். "சமையலக்கா, சாம்பார்!" என்று சமைக்கிற பெண்ணைக் கூப்பிட்டாள். பிசைந்தாள். பிசைந்ததைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியுமா? வாயில் போட்டுக்கொண்டாள். "இப்படி" என்றாள், வாய் நிறைய.

அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, கேரட்டை முதல்ல துன்னாதீங்க, கடைசில வெச்சி துன்னணும்" என்று தன் தட்டை இழுத்தது. "இவ சொல்றது தப்பு அக்கா, ரெண்டு குழி வெட்டணும்" என்றது இன்னொன்று. வரிசை முழுக்கப் பேச்சு. அந்தப் பெண் ஒவ்வொன்றும் சொன்னபடியே செய்து காட்டினாள். அவள் கழுத்து அட்டை தொங்கிச் சாம்பாரில் விழப் போயிற்று. பேத்தி அதைப் பிடித்து, இடது கையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். விருந்தாளிக்கு வீட்டுக்காரி செய்கிற உபசாரம் மாதிரி இருந்தது.

நம் பக்கத்தில் ஒன்று சொல்லுவோமே, ஒரு வீட்டுக்குப் போனால் கை நனைக்காமல் வரக்கூடாது என்று. கை நனைக்காமல் வந்தால் அந்த வீட்டை மதிக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பிள்ளைகள் வீட்டில் அன்று அவள் கை நனைத்தாள். அதுவரைக்கும் சும்மா வாங்கித் தின்கிற பிள்ளைகளாக இருந்ததுகள், அந்த நிமிஷத்தில் வந்தவளுக்குச் சாப்பாடு போடுகிற பிள்ளைகளாக ஆகிவிட்டன.

வெளியே சத்தம் அடங்கிவிட்டது. பைக்கில் இருந்தவன் மட்டும், "இன்னா மேடம், நீங்களும் ஓசி சோறா?" என்று கேட்டான்.

அவள் நிமிர்ந்தாள். கோபமே இல்லை. "ஆமாண்ணா. ஓசில இவ்ளோ நல்ல சாம்பார் கெடைச்சா யாராவது விடுவாங்களா? எடம் இருக்கு, நீங்களும் வந்து உக்காருங்க" என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இந்தத் தடவை பிள்ளைகளும் சிரித்தன. அவன் வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணினான். நான் மெனக்கெட்டு எழுந்து நாலு வார்த்தை திட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டி ஒத்துழைக்கவில்லை, தப்பித்தான்.

முதலில் அலறிய அந்த அம்மா தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. சமைக்கிற பெண் முன்னால் நின்று, "பயந்துட்டேன்க்கா, தப்பா நெனச்சிக்காத" என்றாள். சமைக்கிறவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு புதுத் தட்டை எடுத்து நிறையப் போட்டுக் கொடுத்தாள். இப்போதும் அவள்தான் சமைக்கிறாள். மிளகாய்க் காம்பைக் கிள்ளிவிட்டுத்தான் சட்டியில் போடுகிறாள், நானே பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

அந்த ஸ்கூட்டிக்காரப் பெண் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். பிள்ளைகளோடு வரிசையில் நின்று குழாயில் தட்டைக் கழுவி வைத்தாள். என்னை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி நிறுத்தியதும் அவள்தான்.

"நீ யாரும்மா? எந்த வூடு?" என்று கேட்டேன்.

"ஊரப்பாக்கம் ஆன்ட்டி. அம்மா வீடு இந்தப் பக்கம்தான். குழந்தையை அங்க விட்டுட்டு ஆபீஸ் போறேன்" என்றாள்.

"பயமா இல்லியா உனக்கு? ஒரு வேளை நெசமாவே பல்லியா இருந்திருந்தா?"

"மிளகாயைப் பாத்துட்டுத்தானே உக்காந்தேன்" என்று சிரித்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டவள், போகும்போது பேத்தியைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "பாப்பா தட்டைத் தள்ளி வெச்சதப் பாத்தேன் ஆன்ட்டி. அதுக்கப்புறம் வண்டில உக்கார முடியல" என்றாள். அவ்வளவுதான். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று போயேவிட்டாள்.

அன்று பாத்திரம் தேய்க்க நான் போனபோது மணி ரொம்பத் தாண்டியிருந்தது. மேடம் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன், குழி வெட்டினது உள்பட. கடைசி வரைக்கும் நின்று கேட்டார். டாக்ஸ் பேச்சு இன்னும் பேசுகிறார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று, ஓசி என்ற வார்த்தை அதற்கப்புறம் அந்த வீட்டில் என் காதில் விழவில்லை. போன வாரம், "அந்தச் சாம்பார்ல அப்படி என்னதான் போடறாங்க?" என்று கேட்டார். ஒரு நாள் வந்து சாப்பிட்டுப் பாருங்கள் என்றேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்.

அந்தப் பெண்ணின் பேரை இன்றுவரைக்கும் நான் கேட்டதில்லை. சில காலைகளில் கேட்டைத் தாண்டிப் போகும்போது ஹாரன் அடித்துக் கை காட்டுவாள். வரிசையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை வாண்டுகளும் "சாம்பாரக்கா!" என்று கத்தும். நான் கோயிலுக்குப் போனால் எனக்காகக் கேட்கிறது முட்டி வலி தீரணும் என்ற ஒன்றுதான், அடுத்ததாக அவளுக்காகத்தான் கும்பிடுகிறேன். பள்ளிக்குப் போகிற வழியில் என் பேத்தி தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி "பசிக்குது ஆயா, சீக்கிரம் நட" என்று கத்தும்போது, பசி என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு பிள்ளை வெட்கப்படாமல் இருப்பதே எவ்வளவு பெரிய செல்வம் என்று, அந்தப் பேர் தெரியாத மகராசியை நினைத்துக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு வேகமாக நடக்கிறேன்.